மருத்துவச்சியைக் கேட்பது பின்னோக்கிப் போவதல்ல

நிறைமாதத்தில் இருக்கும் ஒரு பெண், "வலி வரவழைக்கும் ஊசி வேண்டாம், முதுகில் ஊசி வேண்டாம், கடைசிவரை கூடவே இருக்கும் பயிற்சி பெற்ற மருத்துவச்சி பார்த்துக்கொண்டால் போதும்" என்று நம் வீடுகளில் சொல்லிப் பார்க்கட்டும். "படிச்ச பொண்ணு பேசுற பேச்சா இது?" என்று மாமியார் கேட்பார். "அந்தக் காலத்துல அப்படித்தான் பெத்தாங்க, எத்தனை பேரு பிழைக்கல" என்று சித்தப்பா நினைவுபடுத்துவார். "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு அந்தத் தெம்பு ஏதும்மா?" என்பார் வளைகாப்புக்கு வந்த அத்தை. "ரிஸ்க் எடுக்காதீங்க" என்று மருத்துவர் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும்.

இந்தப் பதில்கள் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். பிரசவம் எந்த அளவுக்கு மருத்துவரின் கைக்கும் மருந்துக்கும் கத்திக்கும் போகிறதோ அந்த அளவுக்குத் தாயும் சேயும் பத்திரம். மருத்துவச்சி என்றாலே அரிக்கேன் விளக்குக் காலத்துக்குத் திரும்புவது. படித்தவர், படிக்காதவர், இருப்பவர், இல்லாதவர் என்ற வேறுபாடில்லாமல் தமிழ்நாட்டில் இன்று வேரூன்றியிருக்கும் கருத்து இது. அன்பினால்தான் சொல்கிறார்கள். அதன் பின்னால் உண்மையான மரணங்களின் நினைவும் இருக்கிறது. ஆனாலும் இது தவறான கருத்து. இது பெண்களின் உடலுக்கு வேண்டாத கீறல்களைத் தந்துகொண்டிருக்கிறது. உண்மையிலேயே பாதுகாப்பான ஒரு வழியைப் பேச்சுக்கே வரவிடாமல் அடைத்தும் வைத்திருக்கிறது.

நான் எதற்காக வாதாடவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் இளம்பெண் வீட்டிலேயே பிள்ளை பெற்று, இரத்தப்போக்கில் உயிரிழந்தார். யூடியூப் காணொளிகளைப் பார்த்துப் பிரசவம் பார்த்தார்கள் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. சில நாட்களிலேயே, கோவையில் வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஒருவர் கைதானார். அன்றிலிருந்து, மருந்தில்லாப் பிரசவம் என்று யார் வாயெடுத்தாலும் திருப்பூர்தான் பதிலாக வருகிறது.

அந்த மரணத்தை நான் சுற்றிக்கொண்டு போக மாட்டேன். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்த பிறகு கருப்பை இறுகாவிட்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஆகவேதான் பிள்ளை பிறந்ததும் தாயின் தொடையில் 10 யூனிட் ஆக்சிடோசின் போடுவதும், அடிவயிற்றில் கை வைத்துக் கருப்பை கல்லாகியிருக்கிறதா என்று பார்ப்பதும், போன இரத்தத்தின் அளவைக் கணிப்பதும் எந்த மருத்துவச்சிக்கும் அடிப்படைப் பாடம். மருந்தில்லாமல் பிள்ளை பெற விரும்பும் பெண்ணுக்கும் அந்த ஊசி உண்டு. பிறப்புவரை உடலை அதன் போக்கில் விடுவது வேறு, பிறந்த பின் இரத்தம் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு. 2023இல் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளியானது. அளவு குறித்த விரிப்பில் இரத்தத்தைப் பிடித்து, எல்லை தாண்டியதும் கருப்பையை நீவிவிடுவது, ஊசிகள், சலைன், பரிசோதனை என்று எல்லாவற்றையும் சேர்த்தே உடனடியாகச் செய்தபோது, கடும் இரத்தப்போக்கும் அதன் மோசமான விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. பிரசவ அறையில் அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் மருத்துவச்சிகள். திருப்பூர் வீட்டில் அப்படி ஒருவர் இல்லை. மருத்துவச்சி இல்லாமல் நேர்ந்த மரணத்தை மருத்துவச்சிக்கு எதிரான சாட்சியாக நிறுத்துவது எந்த நியாயத்திலும் சேராது.

அடுத்த வாதம் எண்களோடு வரும். "ஆபரேஷன் வந்த பிறகுதானே சாவு குறைந்தது?" தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2001-03இல் 134 தாய்மார்கள் இறந்தார்கள், 2018-20இல் 54 பேர். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2005-06இல் 20 சதவீதமாக இருந்த சிசேரியன் 2019-21இல் 45 சதவீதமாயிற்று. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று தோன்றும். ஆனால் அதே ஆண்டுகளில் வேறு பலவும் நடந்தன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்கள் முறைவைத்து இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கத் தொடங்கினார்கள். மாவட்டந்தோறும் சீமாங் எனும் அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைச் சிகிச்சை மையங்கள் வந்தன, இரத்தம் கிடைத்தது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவித்தொகை கர்ப்பிணிகளைப் பரிசோதனைக்கு வரவைத்தது. கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிப் போய் இரத்தக்கொதிப்பு பார்த்தார். ஒவ்வொரு தாய் மரணமும் ஏன் நேர்ந்தது என்று விசாரிக்கப்பட்டது. இத்தனை பேரின் உழைப்பையும் மறந்துவிட்டு, வெற்றி முழுவதையும் அறுவைக் கத்தியின் கணக்கில் எழுதுகிறோம்.

கத்திதான் காரணம் என்றால் மகாராஷ்டிரத்துக்கு என்ன விளக்கம்? 2019-21இல் அங்கே சிசேரியன் 25 சதவீதம். 2018-20இல் லட்சத்துக்குத் தாய் மரணம் 33. தெலங்கானாவில் சிசேரியன் 61 சதவீதம். தாய் மரணம் 43. கேரளத்தில் 39 சதவீதம், 19. ஒரு மாநிலத்தின் தாய் மரணக் கணக்குக்குப் பின்னால் படிப்பு, சாலை, சோறு என்று நூறு காரணங்கள் உண்டு. இந்த எண்களை வைத்து நான் எதிர்த்திசையில் சூத்திரம் எழுத வரவில்லை. அறுவை கூடக்கூட உயிர் கூடும் என்ற நேர்க்கோடு இந்தக் கணக்கில் இல்லை என்பது மட்டும் உறுதி. உலக சுகாதார நிறுவனம் 2015இல் இதையே சொன்னது. ஒரு சமூகத்தில் சிசேரியன் 10 சதவீதத்தை எட்டும்வரை தாய் சேய் மரணம் குறைகிறது. அதற்கு மேல் ஏறினால் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை.

தேவைப்பட்ட பெண்ணுக்குக் கிடைத்த சிசேரியன் உயிர் காக்கும் வரம். அதில் எனக்கு எள்ளளவும் கருத்து வேறுபாடு இல்லை. தேவைப்படாத பெண்ணுக்குச் செய்த சிசேரியன் எந்த உயிரையும் காக்கவில்லை. 2019-21இல் தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளில் 64 சதவீதப் பிரசவங்கள் அறுவையில் முடிந்தன. அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். சிக்கலான கர்ப்பிணிகள் கடைசியில் வந்து சேர்வது பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு. ஆபத்து அதிகம் உள்ள இடத்தில் அறுவை குறைவாகவும், ஆபத்து குறைந்த இடத்தில் அறுவை அதிகமாகவும் இருக்கிறதென்றால், முடிவைத் தீர்மானிப்பது பெண்ணின் உடல்நிலை மட்டும் அல்ல. எந்த வாசலில் நுழைகிறாள் என்பதைப் பொறுத்து ஒருத்தியின் இடுப்பெலும்பு மாறிவிடாது.

அந்தக் கீறலுக்கு விலையும் உண்டு. முந்தைய சிசேரியன் தழும்பின்மேல் அடுத்த கர்ப்பத்தின் நஞ்சு பதிந்து, கருப்பைச் சுவருக்குள் ஊடுருவிப் பிரியாமல் போகலாம். நஞ்சு கீழிறங்கி இருக்கும் நிலையில், முதல் சிசேரியனின்போது இந்த ஆபத்து 3 சதவீதம், இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40 என்று ஓர் அமெரிக்க ஆய்வு 2006இலேயே காட்டியது. கருப்பையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்ற நிலை அப்படித்தான் வருகிறது. "ரெண்டு பிள்ளைதானே, அதற்கென்ன" என்று கேட்பவர்கள், முதல் பிள்ளைக்குக் கீறல் விழுந்தால் இரண்டாவதும் கீறலாகத்தான் இருக்கும் என்று நம் ஊரில் ஏறக்குறைய விதியாகிவிட்டதை எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் பிரசவத்தின் முடிவு அந்தப் பெண்ணின் எல்லாப் பிரசவங்களுக்குமான முடிவாகிறது.

இனி மருத்துவச்சி மீதான ஏளனத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுகப்பிரசவம் பார்ப்பவர் யார்? பெரும்பாலும் செவிலியர். நம் நாட்டில் செவிலியர் படிப்பில் பேறுகாலப் பயிற்சி ஒரு பகுதி. படித்து முடிப்பவர் செவிலியராகவும் மருத்துவச்சியாகவும் சேர்ந்தே பதிவு பெறுகிறார். 1926இல் சென்னை மாகாணம் இயற்றிய சட்டமே செவிலியர்களுக்கும் மருத்துவச்சிகளுக்குமானது. ஆக, மருத்துவச்சி பார்க்கும் பிரசவம் இங்கே புதிதாகக் கொண்டுவர வேண்டிய விபரீதம் அன்று. கூலி வேலைக்குப் போகும் பெண்களை நாம் நெடுங்காலமாக அவர்கள் கையில்தான் ஒப்படைத்திருக்கிறோம். ஆனால் அந்தச் செவிலியருக்கு மருத்துவச்சி என்ற மதிப்பும் தரவில்லை, தனித்து முடிவெடுக்கும் அதிகாரமும் தரவில்லை, ஒரு பெண்ணோடு முழு நேரம் இருக்க நேரமும் தரவில்லை. பிரசவ வார்டையும் புறநோயாளிகளையும் பதிவேடுகளையும் ஒரே ஆள் தலையில் கட்டியிருக்கிறோம்.

இந்த அவமதிப்புக்கு இன்னும் ஆழமான வேர் ஒன்று உண்டு. நம் ஊர்களில் பிரசவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் முடிதிருத்தும் சமூகத்துப் பெண்கள். நள்ளிரவில் அழைத்தால் வந்தார்கள். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் முதலில் கையில் ஏந்தினார்கள். கூலியாகப் படி நெல்லும் பழைய புடவையும் வாங்கிக்கொண்டு, தீட்டையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போனார்கள். மறுநாள் அதே வீட்டுத் திண்ணையில் அவர்களுக்கு இடமில்லை. அவர்கள் அறிவில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சுத்தமில்லாத கருவியால் தொப்புள்கொடி அறுத்ததில் இரணஜன்னி கண்டு இறந்த சிசுக்கள் உண்டு. குழந்தை குறுக்கே கிடந்தால் அவர்களிடம் வழியில்லை. அதற்குத் தீர்வு, அந்தப் பெண்களுக்கும் அவர்கள் மகள்களுக்கும் முறையான படிப்பும் கருவியும் உரிமமும் தருவதாக இருந்திருக்க வேண்டும். நாம் அந்தத் தொழிலையே இழிவென்று தள்ளினோம். இன்று "மருத்துவச்சியா?" என்று முகம் சுளிக்கையில், மருத்துவ அறிவு பேசுவதாக நினைக்கிறோம். அந்தச் சுளிப்பில் சாதி பேசுகிறது.

பயிற்சி பெற்ற மருத்துவச்சி என்றால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் சான்று வைத்திருக்கிறது. கர்ப்ப காலம் முதல் பிரசவத்துக்குப் பிந்தைய நாட்கள்வரை ஒரே மருத்துவச்சியோ ஒரு சிறு குழுவோ தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் முறையை, பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் திறனாய்வு 2024இல் மீண்டும் எடைபோட்டது. 17 ஆய்வுகள், 18,000க்கும் மேற்பட்ட பெண்கள். இந்த முறையில் சுகப்பிரசவம் கூடியது. ஆயுதம் போட்டு எடுப்பதும், பிறப்புவாயில் வெட்டித் தையல் போடுவதும், சிசேரியனும் குறைந்தன. தாய்மார்களின் மனநிறைவு கூடியது. குறைவு பெரிய பாய்ச்சல் இல்லை, சில சதவீதப் புள்ளிகள்தான். அந்தப் பயன், உயிருக்கு ஆபத்து கூடியதற்கான சான்று இல்லாமல் கிடைத்தது என்பதே செய்தி.

இங்கிலாந்தில் ஆபத்துக் குறைந்த 64,000க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வு 2011இல் வெளிவந்தது. மருத்துவச்சிகளே நடத்தும் பிரசவ மையங்களில் பெறத் திட்டமிட்டவர்களின் குழந்தைகளுக்கும் மருத்துவர் பிரிவில் பெறத் திட்டமிட்டவர்களின் குழந்தைகளுக்கும் தீங்கு நேர்ந்த விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தாய்க்கு நடந்த மருத்துவத் தலையீடுகள் வெகுவாகக் குறைந்தன. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. அதை மறைப்பது அறமாகாது. வீட்டில் பெறத் திட்டமிட்ட தலைப்பிரசவக்காரர்களின் குழந்தைகளுக்குத் தீங்கு ஆயிரத்துக்கு 9 அளவில் இருந்தது; மருத்துவர் பிரிவில் ஆயிரத்துக்கு 5. நல்ல சாலையும் பயிற்சி பெற்ற மருத்துவச்சியும் உள்ள நாட்டிலேயே தலைப்பிரசவத்துக்கு வீடு சற்று ஆபத்தானது. அதனால்தான் என் வாதம் வீட்டுக்கானது அன்று. மருத்துவமனை வளாகத்திலேயே, அறுவை அரங்கம் எட்டும் தூரத்தில், மருத்துவச்சிகள் நடத்தும் பிரிவு வேண்டும் என்கிறேன்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான ஆயுதமும் இங்கிலாந்திலிருந்தே வருகிறது. ஷ்ரூஸ்பரி, டெல்ஃபோர்ட் மருத்துவமனைகளைப் பற்றிய ஆக்கெண்டன் அறிக்கை 2022இல் வெளியானது. நல்ல கவனிப்பு இருந்திருந்தால் 201 குழந்தைகளும் 9 தாய்மார்களும் பிழைத்திருக்கலாம் என்றது அது. சிசேரியனைக் குறைத்துக் காட்டுவதைப் பெருமையாக நினைத்ததும், கேட்ட பெண்ணுக்கு அதை மறுத்ததும் அங்கே நடந்தன. மோர்கம் பே மருத்துவமனைகள் பற்றிய 2015 அறிக்கையும் இதே தன்மையானது. எதைக் கொடுத்தாவது இயல்பான பிரசவம் என்று சில மருத்துவச்சிகள் பிடிவாதம் பிடித்ததை அது கடிந்தது. இந்த அறிக்கைகளைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, மருத்துவச்சி ஆபத்து" என்கிறார்கள். அறிக்கைகள் காட்டும் குற்றங்கள் எவை? மருத்துவச்சியும் மருத்துவரும் ஒருவரையொருவர் நம்பவில்லை. அபாயக் குறி தெரிந்ததும் மேலே சொல்லவில்லை. நேர்ந்த மரணங்களிலிருந்து பாடம் கற்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தாய் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. கடைசிக் குற்றம் நம் பிரசவ வார்டுகளில் அன்றாடம் நடப்பது. அங்கே சிசேரியனை மறுத்து ஒரு பெண்ணின் வாயை அடைத்தார்கள். இங்கே சிசேரியனைத் திணித்து அடைக்கிறோம். இயல்பான பிரசவம் என்ற கொள்கைக்காகவும் ஒரு பெண்ணைப் பலி கொடுக்கக் கூடாது, அறுவை என்ற வசதிக்காகவும் கொடுக்கக் கூடாது.

"வலியை ஏன் தாங்க வேண்டும்? வலி நிவாரணம் இருக்கும்போது தாங்கச் சொல்வது பெண்ணைப் பழைய தியாகச் சிலையாக்குவதுதானே?" என்று படித்த பெண்கள் கேட்கிறார்கள். நான் மிகவும் மதிக்கும் கேள்வி இது. வலி புனிதமானது அல்ல. வலி தாங்கியவள் உயர்ந்த தாய், தாங்காதவள் தாழ்ந்த தாய் என்று சொல்பவரோடு எனக்கு எந்த உடன்பாடும் இல்லை. முதுகில் போடும் எபிடூரல் ஊசி சிசேரியனைக் கூட்டுவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. கேட்கும் பெண்ணுக்கு அது கிடைக்க வேண்டும்.

ஆனால் நம் வார்டுகளில் இப்போது என்ன நடக்கிறது? அரசு மருத்துவமனையில் பிள்ளை பெறும் பெண்களில் பெரும்பாலோருக்கு எபிடூரல் கிடைப்பதில்லை. அவர்கள் இன்றும் வலி நிவாரணம் இல்லாமல்தான் பெறுகிறார்கள். அதோடு, குளுக்கோஸில் கலந்து ஏற்றும் வலி ஊசியால் வலி கூட்டப்படுகிறது. எழுந்து நடக்க விடாமல் மல்லாக்கப் படுக்க வைக்கிறார்கள். கத்தினால் அதட்டு விழுகிறது. காது கூசும் பேச்சும் சில இடங்களில் வருகிறது. தலைப்பிரசவம் என்றால் கேட்காமலே வெட்டித் தையல் போடுகிறார்கள். வழக்கமாக எல்லாருக்கும் வெட்டுவது, மயிர் மழிப்பது, எனிமா கொடுப்பது எதுவும் வேண்டாம், விரும்பியபடி நடக்கவும் நிமிர்ந்திருக்கவும் விடுங்கள், விரும்பும் துணை ஒருவரை உடனிருக்க விடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வழிகாட்டியது. மருத்துவச்சியோடு மருந்தில்லாமல் பெற விரும்பும் பெண் கூடுதல் வலியைக் கேட்கவில்லை. இடுப்பை அமுக்கிவிடும் கையையும், வெந்நீரையும், நடக்க இடத்தையும், "இன்னும் கொஞ்ச நேரம்தான் தாயி" என்று சொல்லும் குரலையும் கேட்கிறாள். பிரசவத்தின்போது இடைவிடாமல் ஒருவர் துணையிருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது என்பதை 26 ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டின் காக்ரேன் திறனாய்வு உறுதி செய்தது. தமிழ்நாடு அரசு 2004இலேயே பிரசவத் துணை திட்டத்தைக் கொண்டுவந்தது. கர்ப்பிணியின் அம்மாவை வார்டு வாசலிலேயே நிறுத்தும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை என்றால், குறை திட்டத்தில் இல்லை.

வீட்டில் பிள்ளை பெறத் துணிபவர்கள் எல்லாரும் அறிவியலை வெறுப்பவர்கள் என்று நினைப்பது தவறு. முதல் பிரசவத்தில் வார்டில் பட்ட அவமானம் சிலரை அந்த முடிவுக்குத் தள்ளுகிறது. அவர்களைக் கைது செய்து மிரட்டுவதால் அந்த அச்சம் தீராது. மதிப்போடு நடத்தும் ஒரு மருத்துவச்சியை மருத்துவமனைக்குள் அமர்த்தினால் தீரும்.

சிசேரியனுக்குச் சொல்லப்படும் காரணங்களையும் பார்க்க வேண்டும். "நேரமாச்சு, திறக்கல" என்பது முதலாவது. கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்ற கணக்கு, 1950களில் நியூயார்க்கில் எமானுவேல் ஃப்ரீட்மன் வரைந்த கோட்டிலிருந்து வந்தது. பல பெண்களுக்கு அந்த வேகம் பொருந்தாது என்றும், 5 சென்டிமீட்டர் திறக்கும்வரை தீவிரப் பிரசவம் தொடங்கியதாகவே கொள்ள வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அதே 2018 வழிகாட்டல் சொல்கிறது. தாயும் சேயும் நன்றாக இருக்கையில் கடிகாரத்தைப் பார்த்துச் செய்யும் அறுவைக்கு இனி அறிவியலின் துணை இல்லை. "கொடி சுத்தியிருக்கு" என்பது இரண்டாவது. பிறக்கும் குழந்தைகளில் நாலில் ஒன்றுக்கு அருகே கழுத்தில் கொடி சுற்றியே வருகிறது; பெரும்பாலானவை எந்தச் சிக்கலுமின்றிப் பிறக்கின்றன. ஸ்கேனில் கொடி தெரிவது மட்டுமே அறுவைக்குக் காரணம் ஆகாது. நல்ல நாள், நல்ல நேரம் பார்த்துக் குறிக்கப்படும் சிசேரியனைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. அங்கே காரணம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் மருத்துவர்களின் பேராசை என்று ஒரே சொல்லில் அடைக்க மாட்டேன். சிறு நகரத்து நர்சிங் ஹோமில் ஒரே மகப்பேறு மருத்துவர் இருக்கிறார். பகலெல்லாம் புறநோயாளிகளைப் பார்த்துவிட்டு, இரவு முழுதும் ஒரு பெண்ணின் வலிக்குக் காவலிருக்க அவரால் முடியாது. ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் உறவினர் கூட்டம் கண்ணாடியை உடைக்கும். வழக்கு வரும். "ஏன் முன்னமே ஆபரேஷன் பண்ணல?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள், "ஏன் பண்ணினீங்க?" என்று ஒருவரும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட சூழலில் முக்கால் மணி நேரத்தில் முடியும் அறுவை அவருக்குப் பாதுகாப்பாகத் தெரிவதில் வியப்பில்லை. அந்த மருத்துவருக்கும் விடுதலை மருத்துவச்சியிடம்தான் இருக்கிறது. மணிக்கணக்கில் காத்திருப்பது மருத்துவச்சியின் தொழில். அபாயம் தெரிந்ததும் இறங்கி அறுப்பது மருத்துவரின் தொழில். இருவரும் சேர்ந்தால்தான் இரண்டும் நடக்கும். இந்திய அரசே 2018 டிசம்பரில் மருத்துவச்சி சேவைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. செவிலியர்களுக்கு 18 மாதக் கூடுதல் பயிற்சி, அரசு மருத்துவமனைகளுக்குள்ளேயே மருத்துவச்சிகள் நடத்தும் பிரிவுகள் என்பது அதன் சாரம். அறுவையில் நாட்டிலேயே முன்னணியில் நிற்கும் தெலங்கானா அதற்கு முந்தைய ஆண்டே இந்தப் பயிற்சியைத் தொடங்கிவிட்டது. நோய் எங்கே முற்றியதோ அங்கேதான் மருந்து முதலில் தேடப்பட்டிருக்கிறது.

ஆகவே, முடிவெடுக்க வேண்டிய பெண்ணுக்கு நான் சொல்ல விரும்புவது இது. இந்த வழி எல்லாருக்கும் உரியதல்ல. இரத்தக்கொதிப்பு, கட்டுக்குள் வராத சர்க்கரை, இதய நோய், இரட்டைக் குழந்தை, தலை திரும்பாத குழந்தை, கீழிறங்கிய நஞ்சு, முந்தைய சிசேரியன், கடுமையான இரத்தசோகை இவற்றில் ஒன்று இருந்தாலும் உங்கள் பிரசவத்தை மருத்துவர்தான் முன்நின்று பார்க்க வேண்டும். 2019-21 கணக்கின்படி தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரத்தசோகை இருந்தது; ஆகவே முடிவு எட்டாம் மாதத்தில் தொடங்குவதல்ல, முதல் இரத்தப் பரிசோதனையில் தொடங்குவது. இவை எதுவும் இல்லையென்றால் கேளுங்கள்: என்னோடு இருக்கப் போகிறவர் எங்கே பயின்றவர், பதிவு பெற்றவரா? ஒரே நேரத்தில் எத்தனை பெண்களைப் பார்ப்பார்? குழந்தையின் இதயத் துடிப்பை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கேட்பார்? இரத்தப்போக்கு வந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்வார்? அறுவை அரங்கம் எவ்வளவு தூரம்? என் இரத்தப் பிரிவு கையிருப்பில் இருக்கிறதா? நடுவில் என்னால் தாங்க முடியவில்லை என்றால் வலி நிவாரணம் கிடைக்குமா? இந்தக் கேள்விகளுக்கு முகம் கொடுத்துப் பதில் சொல்லாதவர் யாராக இருந்தாலும், மருத்துவரோ மருத்துவச்சியோ, அவரை நம்ப வேண்டாம்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் மருத்துவச்சி மையங்களில் பெறத் திட்டமிட்ட தலைப்பிரசவக்காரர்களில் 36 முதல் 40 சதவீதம் பேர் மருத்துவர் பிரிவுக்கு மாற்றப்பட்டார்கள். கூடுதல் வலி நிவாரணம் வேண்டும் என்று மாறியவர்களும் அதில் உண்டு. அப்படி மாறுவதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். மாற வேண்டிய நேரத்தில் மாற்றுவதற்காகத்தான் மருத்துவச்சி படித்திருக்கிறார்.

"டாக்டரா, யூடியூபா?" என்ற கேள்வியைத்தான் நம் சமூகம் பெண்களிடம் நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, தமிழ்நாட்டுக்கு ஏற்கெனவே கைவந்த ஒரு வழி இருக்கிறது. வீடு தேடிப் போகும் செவிலியர், இரவெல்லாம் விழித்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம், அழைத்தால் வரும் 108, சீமாங் மையம் என்று அதன் தூண்களை நாமே நட்டிருக்கிறோம். செவிலியருக்கு மருத்துவச்சிக்குரிய முழுப் பயிற்சியும், அதிகாரமும், ஒரு பெண்ணுக்கு ஒருவர் என்ற அளவில் ஆட்களும் தருவதுதான் மிச்சம். தனியார் மருத்துவமனைகள் தங்கள் சிசேரியன் விகிதத்தை வாசலில் எழுதி வைக்க வேண்டும்; ஒவ்வொரு முதல் சிசேரியனுக்கும் காரணம் தணிக்கை செய்யப்பட வேண்டும். தாய் மரணங்களைத் தணிக்கை செய்து குறைத்துக் காட்டிய மாநிலத்துக்கு இது எட்டாத காரியமல்ல. இவற்றைச் செய்யாமல், மருத்துவச்சியைக் கேட்கும் பெண்ணைப் பார்த்து "ரிஸ்க் எடுக்காதே" என்று சொல்வது அறிவுரை ஆகாது. அவளுக்குக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பைத் தராமல் இருக்கும் பொறுப்பிலிருந்து நாம் நழுவுவது அது.